மீனின் சுண்ணாம்புக் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



செயலர் என்னை அழைத்தபோது, "உங்க துறையிலேயிருந்து ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. ஆனா பிளாக் டயகிராம் போட்டு ஜனங்களைத் தூங்க வைக்காதீங்க" என்று ஒரு நிபந்தனை போட்டார். என் துறை கன்ட்ரோல் இன்ஜினியரிங். பிளாக் டயகிராம் இல்லாமல் அதைப் பேசுவது, தாளம் இல்லாமல் பாட்டுப் பாடுகிற மாதிரி. யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜீவனைப் பிடித்து, அதன் வழியாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதனால் இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். மீன் தன் ரத்தத்தில் கால்சியத்தின் அளவை எப்படிக் காக்கிறது, அந்த வேலையைச் செய்யும் சுரப்பிகள் எவை என்பதுதான் விஷயம். இது பயாலஜி வகுப்பு ஆச்சே என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் நம்ம பாடத்துக்கே வந்து சேர்ந்துவிடும்.

கால்சியம் என்றால் நமக்கு உடனே எலும்பும் பல்லும்தான் ஞாபகம் வரும். அது தப்பில்லை. நம் உடம்பில் உள்ள சுமார் ஒரு கிலோ கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ஆனால் உயிரோடு விளையாடுவது மீதி இருக்கிற அந்தக் கொஞ்சம்தான். நரம்பு சேதி அனுப்புவது, தசை சுருங்குவது, இதயம் துடிப்பது, காயத்தில் ரத்தம் உறைவது எல்லாவற்றுக்கும் ரத்தத்தில் கரைந்திருக்கும் கால்சியம் வேண்டும். அதுவும் சரியான அளவில் வேண்டும். மனிதனுக்கு 100 மில்லி ரத்த நீரில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. இந்தக் குறுகிய பட்டைக்கு வெளியே போனால் தொல்லைதான். ஏறினால் சிறுநீரகக் கல், மனக்குழப்பம், இதயத் துடிப்பில் கோளாறு. இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் கண்ணாலேயே பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன் என் பெரியம்மாவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் சாயங்காலம், "விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா" என்றார்கள். உதட்டைச் சுற்றி மரத்துப் போயிற்று. ராத்திரி கை விரல்கள் தானாகவே கூம்பி விறைத்துக்கொண்டன. பிரிக்கப் பார்த்தால் பிரிக்க வரவில்லை. டாக்டர் வந்தார். இதயத் துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே கால்சியம் ஊசி மருந்தை மெதுவாக ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. "தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நாலு சின்ன சுரப்பி இருக்கு. ஆபரேஷன்ல அதுக்குப் போற ரத்தம் கொஞ்சம் குறைஞ்சா இப்படி ஆகும். பெரும்பாலும் தானா சரியாயிடும்" என்று விளக்கினார். அப்படியே சில வாரங்களில் சரியாகியும் விட்டது.

எனக்குத்தான் சரியாகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு அரிசி, பருப்பு அளவே உள்ள நாலு சுரப்பி. அவை ஒரு நாள் வேலை நிறுத்தம் செய்தால் மொத்த உடம்பும் தடுமாறுகிறது. கால்சியம் கையிருப்பு எலும்பில். வெளியேற்றும் வழி சிறுநீரகத்தில். உள்ளே வரும் வழி குடலில். இந்த மூன்றுக்கும் சம்பந்தமே இல்லாமல் கன்ட்ரோலர் மட்டும் ஏன் கழுத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது? எந்த இன்ஜினியர் இப்படி லே-அவுட் போடுவான்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நான் மீனிடம் வந்து சேர்ந்தேன்.

முதலில் நம் உடம்பில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு தன் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கச் சொல்லும். சிறுநீரகத்தைப் பார்த்து, கால்சியத்தை வெளியே விடாதே என்று சொல்லும். வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, குடலில் இன்னும் அதிகமாக உறிஞ்ச வைக்கும். அளவு ஏறியதும் சுரப்பு குறையும். நாம் வகுப்பில் படித்த நெகட்டிவ் ஃபீட்பேக்தான் இது. நிலத்தில் வாழும் பிராணிக்குக் கால்சியம் சாப்பாட்டில் மட்டுமே வரும். எப்போது பற்றாக்குறை வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே நம் உடம்பின் முக்கியக் கவலை, அளவு கீழே போய்விடக் கூடாது என்பது.

இப்போது கடல் மீனைப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மீனின் ரத்தத்தில் நம்மைப் போலவே லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. அதாவது வெளியே உள்ளே இருப்பதைப் போல நாலு மடங்கு. மீன் மூச்சு விடுவதோ செவுள் வழியாக. செவுள் என்பது மிக மெல்லிய தோல். அதற்கு ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ரத்தம். போதாக்குறைக்குக் கடல் மீன் அந்த உப்புத் தண்ணீரைக் குடிக்கவும் செய்கிறது. நமக்குப் பஞ்சம் பயம் என்றால், அதற்கு வெள்ளம் பயம்.

ஆற்று மீனின் கதை வேறு. உலக ஆறுகளின் சராசரியை எடுத்தால் லிட்டருக்குப் 15 மில்லிகிராம் அளவில்தான் கால்சியம் தேறும். அது தண்ணீரிலிருந்து கால்சியத்தைச் சம்பளம் கொடுத்து உள்ளே இழுக்க வேண்டும். செவுளில் இதற்கென்றே தனி செல்கள் இருக்கின்றன. அவற்றின் வெளிப்பக்கத்தில் ஒரு வாசல், உட்பக்கத்தில் சக்தியைச் செலவழித்துத் தள்ளும் பம்ப். விலாங்கும் சால்மனும் போல ஆற்றிலும் கடலிலும் மாறி மாறி வாழும் மீன்களோ இரண்டையும் சமாளிக்க வேண்டும். ஒரே மீன், ஒரே ரத்தம், ஒரே செட் பாயின்ட். வெளியே உள்ள அளவோ பத்து, இருபது மடங்கு மாறுகிறது. இவ்வளவுக்கும் மீனுக்குப் பாராதைராய்டு சுரப்பியே கிடையாது! அப்படியானால் வால்வைத் திருப்புவது யார்?

அந்த ஆளை முதலில் பார்த்தவர் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் இருந்த ஹெர்மன் ஸ்டானியஸ் என்ற உடற்கூறு அறிஞர். 1839-ல் மீன்களின் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தபோது, அதில் பதிந்திருந்த வெண்ணிறச் சிறு மணிகளைக் கண்டு எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் அவை அழைக்கப்படுகின்றன. வசதிக்காக நான் "ஸ்டானியஸ் மணிகள்" என்று சொல்கிறேன். நம்மூர் மீன் கடையில் மீனை அறுத்துச் சுத்தம் செய்யும்போது, முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டையைச் சுரண்டி எடுப்பார்கள். ரத்தக் கட்டி என்று நாம் நினைப்போம். அதுதான் மீனின் சிறுநீரகம். இந்த மணிகள் அதற்குள்தான் இருக்கின்றன. பல மீன்களில் ஒரே ஒரு ஜோடி. சில பழைய வகை மீன்களில் நிறைய இருக்கும்.

ஸ்டானியஸ் இதை அட்ரினல் சுரப்பி வகை என்று நினைத்தார். பின்னால் வந்தவர்களும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையான வேலை தெரிய 125 வருஷம் ஆயிற்று. 1964-ல் பாரிஸைச் சேர்ந்த மோரிஸ் ஃபோன்டேன், விலாங்கு மீனிலிருந்து இந்த மணிகளை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறிக்கொண்டே போனது. மணிகளை அரைத்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டால் இறங்கியது. பின்பு அமெரிக்காவின் கில்லி மீனில் இன்னொரு சோதனை செய்தார்கள். மணிகளை எடுத்த மீனைச் சாதாரணக் கடல் நீரில் விட்டால் கால்சியம் ஏறுகிறது. கால்சியம் நீக்கிய கடல் நீரில் விட்டால் ஏறவில்லை. ஆக, ஏறும் கால்சியம் மீனின் எலும்பிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது என்பது நிரூபணமாயிற்று. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க நாம் ஒரு லைனை மட்டும் அடைத்துப் பார்ப்போமே, அதே முறைதான்.

அந்த மணிகள் சுரக்கும் ஹார்மோனை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் ஒவ்வொரு பெயரில் அழைத்தது. கடைசியில் நிலைத்த பெயர் ஸ்டானியோகால்சின். 1980-களில் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அது செய்வது மூன்று வேலை. ஒன்று, செவுளில் நான் சொன்ன அந்த வாசலை அடைக்கிறது. இரண்டு, குடல் வழியாக வரும் கால்சியத்தைக் குறைக்கிறது. மூன்று, சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி செய்கிறது. ரத்தத்தில் மிதக்கும் உபரிக் கால்சியம் இந்தப் பாஸ்பேட்டோடு சேர்ந்து எலும்பிலும் செதிலிலும் போய்ப் படிந்துவிடலாம். நம் நாட்டிலும் கோரக்பூர் பல்கலைக்கழகத்தில் தேளி மீனை வைத்து இந்தச் சுரப்பிகளைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

இப்போது நம் பாடத்துக்கு வருகிறேன். கன்ட்ரோல் வால்வு வாங்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "சிக்னல் போயிடுச்சுன்னா இந்த வால்வு திறந்து நிற்கணுமா, மூடி நிற்கணுமா?" அதற்கு விடை வால்வில் கிடையாது. பிளான்ட்டில் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதில் இருக்கிறது. மீனில் சுரப்பியை எடுத்தால் கால்சியம் ஏறுகிறது. மனிதனில் சுரப்பியை எடுத்தால் இறங்குகிறது. கன்ட்ரோலர் இல்லாதபோது எந்தப் பக்கம் சரிகிறதோ, அந்தப் பக்கம்தான் அந்தப் பிராணியின் ஆபத்து. சுரப்பி அதை எதிர்த்துத்தான் நாள் முழுக்க நிற்கிறது.

இதில் இன்னொரு ஆச்சரியம். 1993-ல் அமெரிக்காவில் எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் குழுவினர் பாராதைராய்டில் இருக்கும் கால்சியம் சென்சாரைக் கண்டுபிடித்தார்கள். அது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். பிறகு பார்த்தால் அதே வகை சென்சார் மீனின் ஸ்டானியஸ் மணிகளிலும் இருக்கிறது. சென்சார் ஒன்றுதான். ஆனால் நம் உடம்பில் கால்சியம் ஏறினால் அது ஹார்மோன் சுரப்பைக் குறைக்கிறது. மீனில் கால்சியம் ஏறினால் சுரப்பைக் கூட்டுகிறது. ஒன்று ரிவர்ஸ் ஆக்டிங், இன்னொன்று டைரக்ட் ஆக்டிங். கருவியை மாற்றாமல் இணைப்பை மட்டும் மாற்றியிருக்கிறது இயற்கை.

இது வெறும் ரசனைக்கான செய்தி இல்லை. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பாராதைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்து எலும்பைக் கரைக்கும். அந்தச் சென்சாரின் கூருணர்வை ஏற்றி, "கால்சியம் போதுமான அளவு இருக்கிறது" என்று அதை நம்ப வைக்கும் சினகால்செட் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்சை மாற்றி கன்ட்ரோலரைச் சாந்தப்படுத்துகிற மாதிரி! இதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை டிரவுட் மீனுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்தபடியே ஸ்டானியோகால்சின் சுரப்பு கூடியது.

மீனுக்கு இன்னொரு சுரப்பியும் உண்டு. உணவுக்குழாய்க்குக் கீழே, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைச்செவுள் சுரப்பி. இதன் கதை கனடாவின் வான்கூவரில் தொடங்குகிறது. அங்கே ஹெரால்ட் காப் என்ற உடலியல் அறிஞர், 1960-களின் தொடக்கத்தில், கால்சியத்தை இறக்கும் ஒரு ஹார்மோன் இருப்பதைக் கண்டு கால்சிடோனின் என்று பெயர் வைத்தார். முதலில் அது பாராதைராய்டிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். பிறகு தைராய்டிலிருந்து என்று தெரிந்தது. பாலூட்டிகளில் கருவளர்ச்சியின்போது இந்தச் சுரப்பியின் செல்கள் தைராய்டுக்குள் போய்க் கலந்துவிடுகின்றன. மீனிலும் பறவையிலும் அது தனியாகவே நின்றுவிடுகிறது. ஆகவே கலப்படமில்லாத சரக்கு வேண்டுமென்றால் மீனிடம் போக வேண்டும். வான்கூவர் பக்கம் சால்மனுக்குப் பஞ்சமா?

சால்மன் கால்சிடோனினில் 32 அமினோ அமிலங்கள். அவற்றின் வரிசையை 1969-ல் கண்டுபிடித்தார்கள். மனிதனுடையதிலும் 32-தான். ஆனால் பாதி இடங்களில் வேறுபாடு. வேடிக்கை என்னவென்றால், மனித உடம்பில் மனிதக் கால்சிடோனினைவிடச் சால்மனுடையது 40, 50 மடங்கு வீரியமாக வேலை செய்கிறது! எலும்பு கரைவதை அது தடுப்பதால் மருந்தாயிற்று. ஊசியாகவும் பிறகு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும், எலும்பு மெலிந்த வயதான பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 2012-ல் ஐரோப்பிய மருந்து முகமை பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, நீண்ட காலம் எடுத்துக்கொள்பவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுவதாகச் சொல்லியது. எலும்பு மெலிவுக்கான ஸ்பிரேயை நிறுத்தும்படியும், ஊசியைச் சில குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும், குறுகிய காலத்துக்குப் பயன்படுத்தும்படியும் பரிந்துரை செய்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சால்மனின் கால்சிடோனின் நம் உடம்பில் இவ்வளவு வீரியம் காட்டினாலும், மீனின் ரத்தக் கால்சியத்தில் அதன் பாதிப்பு பல சோதனைகளில் லேசாகத்தான் தெரிந்தது. மீனில் அந்தப் பொறுப்பு ஸ்டானியஸ் மணிகளிடம் இருக்கிறது. கால்சிடோனின் செதிலிலும் எலும்பிலும் கரைக்கும் செல்களை அடக்கும் வேலையைப் பார்க்கிறது. ஒரு பாகத்தை அதன் சர்க்யூட்டிலிருந்து கழற்றி வேறு சர்க்யூட்டில் பொருத்தினால், அது அங்கே பலமாக வேலை செய்யலாம். ஆனால் நீண்ட கால விளைவு என்ன என்பதை நீண்ட காலம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு வருஷ டிரையல் ரன்னை வைத்து முப்பது வருஷ பிளான்ட்டுக்கு உத்தரவாதம் கொடுக்கிற நம் ஆட்களுக்கும் இது பொருந்தும்.

இறக்குவதற்கு ஸ்டானியோகால்சின். ஏற்றுவதற்கு? மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வரும் புரோலாக்டின் அந்த வேலையில் பங்கெடுக்கிறது. நம்மில் தாய்ப்பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன், மீனுக்கு நல்ல தண்ணீரில் வாழ உதவுகிறது. பாராதைராய்டு சுரப்பி இல்லாவிட்டாலும் பாராதைராய்டு ஹார்மோனுக்கான மரபணுக்கள் மீனிடம் இருப்பதையும் பின்னால் கண்டார்கள்.

இங்கேதான் என் பழைய கேள்விக்கு விடை கிடைத்தது. 2004-ல் லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த ஒகாபே, கிரஹாம் என்ற இருவர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். பாராதைராய்டு உருவாக ஜிசிஎம்-2 என்ற மரபணு அவசியம். அது இல்லாத எலிக்கு அந்தச் சுரப்பி கிடையாது. சுரப்பியே இல்லாத மீனில் அந்த மரபணு என்ன செய்கிறது? அது செவுளை உண்டாக்குகிறது! கருவில் நமக்கும் தொண்டையின் இரு பக்கமும் செவுள் பைகளுக்கு ஒப்பான மடிப்புகள் தோன்றுகின்றன. மீனில் அந்த இடத்தில் செவுள் வளர்கிறது. நம்மில் அதே இடத்துச் செல்களிலிருந்து பாராதைராய்டு வளர்கிறது. தண்ணீரை விட்டுக் கரையேறிய முன்னோர்களுக்கு, கால்சியம் எடுக்கும் செவுள் தேவையில்லாமல் போயிற்று. கால்சியத்தைக் கண்காணிக்கும் ஆள் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆகவே லே-அவுட் தப்பில்லை. பழைய பிளான்ட்டை இடிக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பெரியம்மாவின் விரலை அன்று விறைக்க வைத்தது, மீனின் செவுளுக்கு உறவான ஒரு சுரப்பி.

ஸ்டானியோகால்சின் நம்மிடமும் இருப்பது 1990-களின் நடுவில் தெரிந்தது. ஆனால் நம் ரத்தக் கால்சியத்தை அது ஆளவில்லை. அந்த மரபணுவை நீக்கிய எலிகள்கூட நன்றாகவே வாழ்ந்தன. வெள்ள பயம் போனதும் அந்த அதிகாரியின் பதவியும் போய்விட்டது. பல திசுக்களில் சில்லறை வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கன்ட்ரோலர் எந்தக் கம்பெனி, என்ன புரோகிராம் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சிஸ்டத்துக்கு ஆபத்து எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கடலா, ஆறா, கரையா என்று தெரியாமல் சுரப்பியை மட்டும் ஆராய்ந்தவர்களுக்கு 125 வருஷம் அதன் வேலை புரியவில்லை. தண்ணீரில் எவ்வளவு கால்சியம் என்று அளந்தவர்களுக்குத்தான் புரிந்தது.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. வருஷத்துக்கு ஒரு முறையாவது நம் துறைக்கு வெளியே உள்ள ஒருவரை, ஒரு டாக்டரையோ, மீன்வளக் கல்லூரிப் பேராசிரியரையோ அழைத்து மாணவர்களிடம் பேச வையுங்கள். கல்லூரி நூலகத்தில் உயிரியலுக்கு ஒரு அலமாரி போடுங்கள். அதற்கான முதல் பத்துப் புத்தகங்களை நான் வாங்கித் தருகிறேன் என்று இந்த மேடையிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

மதிய விருந்தில் மீன் குழம்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். அதற்கு இனியும் குறுக்கே நிற்பது சரியில்லை.